மூன்றாம் காது

‘தர்மம் தலைகாக்கும்’ படத்தில் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் டெலிபோனில் சுகம் விசாரித்துக்கொள்ளும் பாட்டு ஒன்று உண்டு. 1963இல் வந்தது. கே.வி. மகாதேவன் இசை, குரல்கள் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும். மதுரைப் பக்கம் கல்யாண வீடுகளில் ரேடியோசெட்டுக்காரர் பழைய பாட்டுக்கு மாறினால் அது எப்படியும் ஒருமுறை வந்துவிடும். தித்திப்பான பாட்டுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் எனக்கு அதில் ஓர் உறுத்தல், பல காலமாக. அவர் ஒரு வீட்டில், அவள் ஒரு வீட்டில், நடுவில் கம்பி. சரி, இதைக் கேட்கிற நான் எங்கே நிற்கிறேன்? அவர் பக்கத்தில் நின்றால் அவள் குரல் எனக்குக் கேட்கக் கூடாது. அவள் பக்கத்தில் என்றால் அவர் குரல் கேட்கக் கூடாது. இரண்டும் ஒரே கனத்தில், ஒரே தெளிவில் காதில் விழுகின்றன என்றால் நான் கம்பிக்குள்தான் குடியிருக்க வேண்டும். மரத்தைச் சுற்றி ஓடும்போது வயலின்காரர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீ கேட்டதுண்டா, இதற்கு மட்டும் ஏன் கேட்கிறாய் என்று நண்பர் ஒருவர் மடக்கினார். மடக்கியது நியாயம்தான். ஆனால் வயலின்காரர் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவர் யார் பேச்சையும் ஒட்டுக்கேட்பதில்லை. டெலிபோன் பாட்டில் கேட்கிறவன் ஒட்டுக்கேட்கிறான். அப்படிக் கேட்கிறோம் என்ற கூச்சம் அவனுக்கு வராதபடி பாட்டு பார்த்துக்கொள்கிறது. அந்தச் சாமர்த்தியம்தான் என்னை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் நான் வளர்ந்த தெருவில் டெலிபோனுக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. தெருவுக்கு ஒரு வீட்டில், பெரும்பாலும் ஜவுளிக்கடையோ கமிஷன் மண்டியோ வைத்திருப்பவர் வீட்டில், முன்கட்டு அலமாரிமேல் குரோசா உறை போட்டு உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் தங்கள் கல்யாணப் பத்திரிகையில் அந்த எண்ணைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்துக்கொள்வார்கள். கூப்பிட்டால் அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து திண்ணையில் நின்று கத்துவான்: “ஏத்தா, பம்பாயிலருந்து ஒங்க மகென் பேசுறாரு, வெரசா வாங்க.” அப்பத்தா அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இன்னொருவர் வீட்டுக்குள் போகிறோம் என்பதால் சேலையை ஒருமுறை சரிசெய்துகொண்டு போவார். அந்த வீட்டில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பதுபோல் இருப்பார்கள். காய் நறுக்குகிற கை மட்டும் மெதுவாகும். பிறகு அப்பத்தாவின் குரல் தெருமுனைவரை போகும். “கேக்குதா? கேக்குதாப்பா? ஆமா. ஆமா. அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவ நல்லாத்தான் இருக்கா. ம். ம். சாப்பிட்டியா? சரி வச்சிரு, காசு ஏறும்.” இவ்வளவுதான். முதல் ஆமாவுக்கும் இரண்டாவது ஆமாவுக்கும் நடுவில் பம்பாயில் என்ன சொல்லப்பட்டது, எது ஒண்ணுமில்லை, யாரைப் பற்றி இத்தனை அவசரமாக நல்லாத்தான் இருக்கா என்கிறார் என்பதையெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் தாங்களாக நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். நிரப்பிக்கொண்டார்கள், சாயங்காலத்துக்குள் தெருவே நிரப்பிக்கொண்டது. அப்பத்தா பாடவில்லை என்பதைத் தவிர அந்தப் பேச்சில் ஒரு பாட்டுக்கு வேண்டிய எல்லாமே இருந்தது.

அந்த ஒருபக்கத்தை அப்படியே பாட்டாக்கியவர்களைத் தேடினால் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் தலையெடுத்த சில வருடங்களிலேயே டெலிபோன் அதற்குள் புகுந்துவிட்டது. 1958இல் பிக் பாப்பர் என்ற ரேடியோ அறிவிப்பாளர் பாடிய ‘சாண்டிலி லேஸ்’ முழுக்க ஒரு போன் பேச்சு. மறுமுனைப் பெண்ணின் ஒரு சொல்கூட நமக்குக் கேட்காது. அவர் சிரிக்கிறார், கெஞ்சுகிறார், அவள் ஏதோ கேட்டதற்கு மழுப்புகிறார். என்ன கேட்டாள் என்பதை அந்த மழுப்பலிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பிப்ரவரியிலேயே, பாடகர் படி ஹாலியோடு சேர்ந்து, அவர் விமான விபத்தில் இறந்துபோனார். 1959இல் சக் பெர்ரியின் ‘மெம்ஃபிஸ், டென்னசி’ வந்தது. அதில் பாடுகிறவன் காதலியோடு பேசவே இல்லை. லாங் டிஸ்டன்ஸ் ஆபரேட்டரோடு பேசுகிறான். மரீ என்று ஒருத்தி, அவள் நம்பர் தெரியாது, வீடு இருக்கும் இடத்தின் அடையாளம் மட்டும் தெரியும், எப்படியாவது இணைத்துக்கொடு என்று பாட்டு முழுவதும் மன்றாடல். கடைசியில்தான் தெரிகிறது, மரீக்கு ஆறு வயது. அவன் மகள். மனைவி பிரித்துக்கொண்டு போய்விட்டாள். இதைக் காதல் பாட்டு என்று நம்பி ஆடிக்கொண்டிருந்த கால் அந்த இடத்தில் ஒரு தாளம் தப்பும். அதே காலத்தில் ஜிம் ரீவ்ஸ் பாடிய ஒரு பாட்டில், ஒருவன் மதுக்கடை போனிலிருந்து கூப்பிடுகிறான். அந்தப் பக்கம் அவளோடு இன்னொரு ஆண் இருக்கிறான். அவளால் எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. மூன்று பாட்டிலும் ஒரு குரல்தான். மறுபக்கத்தை நாம்தான் கட்டியெழுப்ப வேண்டும், அப்பத்தாவின் ஆமாவுக்குக் கட்டியதுபோல.

இந்தப் பாட்டுகள் மதுரைக்கு வராமல் இல்லை. ஆங்கிலப் படத்துக்கென்றே ரீகல் தியேட்டர் இருந்தது. அது ரயில்வே ஸ்டேஷன் பக்கம் விக்டோரியா எட்வர்டு மன்றத்துக்குள். பகலில் நூலகம், சாயங்காலம் ஹாலிவுட். இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையைக் கால் ஸ்டேஷன் தள்ளித் திருப்பினால் பிடிக்கலாம். சந்திரபாபு எங்கோ ஆல்ப்ஸ் மலையில் பிறந்த யோடலிங்கையே தமிழில் கூவிக் காட்டியவர். தாளம் வந்தது, கிதார் வந்தது, இடுப்பை வெட்டும் ஆட்டம் வந்தது. ஒருபக்க டெலிபோன் மட்டும் வரவில்லை. நான் கேட்டு வளர்ந்த நம் டெலிபோன் பாட்டெல்லாம் டூயட்.

டூயட்டாக்கும் வழக்கம் நாம் தொடங்கியதும் அல்ல. 1949இல் ‘பதங்கா’ இந்திப் படத்தில் புருஷன் ரங்கூனிலிருந்து போன் போடுகிறான், பெண்டாட்டி டேராடூனில் எடுக்கிறாள். சி. ராமச்சந்திராவே இசையமைத்து ஷம்ஷாத் பேகத்தோடு பாடினார். மேடையில் நடக்கும் வேடிக்கைப் பாட்டாக வரும். நாடே அதை முணுமுணுத்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு ரங்கூன் வந்து குறுக்கே நிற்கிறது. 1952 தீபாவளிக்கு மதுரையில் தங்கம் தியேட்டர் 2,563 இருக்கைகளோடு ‘பராசக்தி’யைப் போட்டுத் திறந்தது. அந்தப் படத்தில் அண்ணன்மார் மூன்று பேரும் ரங்கூனில், தங்கை கல்யாணி மதுரையில். நடுவில் யுத்தம், குண்டு, கப்பல். யார் உயிரோடு இருக்கிறார், யார் எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் அத்தனை வசனமும் ஓடுகிறது. ஒரு டிரங்க் கால் கிடைத்திருந்தால் படம் அரை மணியில் முடிந்திருக்கும். மூன்று வருட இடைவெளியில் வந்த இந்த இரண்டு ரங்கூன்களில் தங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சொந்தமானது எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் இந்தச் சமவெளியில் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தூரம் என்பது பதில் வராதது. பதில் உடனே வந்துவிடும் பாட்டை அவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள்? ஒருவேளை அதற்காகத்தான் ஆசையோடு கேட்டார்களோ என்றும் தோன்றுகிறது. வீட்டில் இல்லாததைத்தானே சினிமாவில் தேடுகிறோம். அப்படிப் பார்த்தால் என் உறுத்தல் வசதியுள்ளவனின் உறுத்தலாகிவிடும். அதை மறுக்கவும் என்னால் முடியவில்லை.

ஒருபக்கப் பேச்சு நமக்கு அந்நியமாக இருந்து, அதனால் வராமல் போயிருந்தால் புரிந்துகொள்ளலாம். ஆனால் அகப்பாட்டு பெரும்பாலும் ஒருபக்கப் பேச்சுதானே. ஒருவர் சொல்கிறார், ஒருவர் கேட்கிறார், கேட்பவரின் பதில் பாட்டுக்குள் வராது. தொல்காப்பியச் செய்யுளியல் கேட்போரையும் செய்யுளின் ஓர் உறுப்பாகவே எண்ணி வைத்திருக்கிறது. அதைவிட, சிறைப்புறம் என்றொரு ஏற்பாடு. தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கிறான். அது தோழிக்குத் தெரியும். தலைவியிடம் பேசுவதுபோல் அவன் காதுக்குப் பேசுகிறாள். சொல்பவள், முன்னால் இருப்பவள், உண்மையில் கேட்க வேண்டியவன் என்று மூன்று முனை. பி.பி. வீட்டு முன்கட்டில் நின்று பேசிய எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கலை சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. “எல்லாரும் சௌக்கியம், இங்க அக்கா வீட்ல எல்லாரும் நல்லாப் பாத்துக்கிறாங்க” என்று மறுமுனைக்குச் சொல்லும்போது அது பக்கத்தில் காய் நறுக்கும் அக்காவுக்கு. “லெட்டர் போடுறேன்” என்றால் இங்கே பேச முடியாது என்று புருஷனுக்கு. கேட்க முடியாத கடலையும் மரத்தையும் பறவையையும் நெஞ்சையும்கூடக் கேட்பதுபோல் வைத்துப் பேசலாம் என்று அந்த இலக்கணம் இடம்கொடுக்கிறது. தொல்காப்பியர் காலத்தில் இருந்திருந்தால் கறுப்பு பேக்கலைட் பெட்டியையும் சேர்த்திருப்பார். இத்தனை மரபு கையில் இருக்க, கண்ணதாசன்போல் சங்கப் பாட்டைச் சினிமாவுக்குள் கரைத்துக் கொடுத்தவர்கள் இருக்க, டெலிபோன் விஷயத்தில் மட்டும் நாம் வேலியைப் பிரித்துப் போட்டுவிட்டோம். ஒருவேளை நாடக மேடையின் பிடி. தர்க்கப் பாட்டு கேட்டுப் பழகிய மதுரைக் காது, கேள்வி வந்தால் எசப்பாட்டு வர வேண்டும் என்று எதிர்பார்க்கும். வராவிட்டால் மறுபக்கம் தோற்றுவிட்டதாக அர்த்தம். டூயட்டுக்கு அது காரணமாக இருக்கலாம். முழுக் காரணமாக எனக்குப் படவில்லை.

சௌந்தரராஜன் மதுரைக்காரர், சௌராஷ்டிரக் குடும்பம். முனிச்சாலையில் இப்போது சிலை இருக்கிறது. அவர் குரலை இந்த ஊர் பெரும்பாலும் கேட்டது குழாயில்தான், அதாவது தென்னை மரத்திலோ கோயில் கோபுரத்துக்கு எதிர்ச் சவுக்குக் கம்பத்திலோ கட்டிய கூம்பு ஒலிபெருக்கியில். அந்தக் குழாயில் அடிக்கட்டைச் சத்தம் வராது. மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும், பேஸ் கிதார் இருந்ததே தெரியாது. நடுக்குரல் மட்டும் கூர்மையாக வயக்காட்டைத் தாண்டி வரும். டெலிபோனும் அப்படித்தான். ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கம்பியில் அனுப்புவார்கள். ஆண் குரலின் ஆதார சுருதி அதற்குக் கீழே இருக்கிறது. பெண் குரலுக்கும் பேசும்போது பெரும்பாலும் அப்படியே. ஆக நாம் போனில் கேட்கும் அம்மாவின் குரலில் அதன் அடித்தளம் வந்து சேரவே இல்லை. மேலே வரும் இசைச்சாரங்களைக் கொண்டு மூளைதான் அதைக் கட்டிக்கொள்கிறது. நமக்கு அது தெரிவதில்லை, அம்மா பேசுகிறாள் என்றே நினைக்கிறோம். இதைப் படித்தபின் அந்தச் சுகம் விசாரிக்கும் பாட்டைத் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு காதுகுத்தில் குழாயில் கேட்டேன். முதல்முறையாக அது டெலிபோன் மாதிரி இருந்தது. ஒலிப்பதிவுக்கூடத்தில் இருவர் குரலுக்கும் கொடுத்த சதைப்பற்றையெல்லாம் குழாய் உரித்துவிட்டு, எலும்பை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. பிடித்திருந்தது.

டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷம் ஓர் அலகு. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கு ஏற்ற விலை, லைட்னிங்குக்கு ஆர்டினரியைப்போல் எட்டு மடங்கு. மூன்று நிமிஷம் முடிந்தால் ஆபரேட்டரின் குரல் நடுவில் புகுந்து நீட்டிக்க வேண்டுமா என்று கேட்கும். பத்தங்குல 78 சுழற்சித் தட்டிலும் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிஷம்தான். ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் சொல்ல வேண்டியதற்கு இரண்டு தொழிலும் ஒரே அளவை வைத்தது தற்செயல்தான். ஆனாலும் அந்த அளவுக்குப் பழகிய ஒரு தலைமுறை இருந்தது. முதல் நிமிஷம் கேக்குதா, இரண்டாம் நிமிஷம் சௌக்கியமா, கூப்பிட்ட விஷயம் மூன்றாம் நிமிஷத்தின் கடைசியில்தான் வரும், அப்போது ஆபரேட்டரும் வருவாள். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே, ஆபரேட்டர் இல்லாமலே வெளியூர் எண்ணைச் சுழற்றும் முதல் எஸ்.டி.டி. வந்து, பிறகு மெல்ல மெல்ல மற்ற ஊர்களுக்கும் வந்தபோது அவள் கழன்றுகொண்டாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்களுக்கு வீட்டில் சம்மதித்து அனுப்பிய கொஞ்ச உத்தியோகங்களில் அவள் வேலையும் ஒன்று. ராத்திரி ஷிப்டில் காதில் மாட்டிக்கொண்டு ஊர் முழுவதின் நல்லது கெட்டதை ஒரு விளக்கு எரிவதிலும் அணைவதிலும் அறிந்தவள். ராங் நம்பரைச் செல்லமாக விளித்து 1976இல் ‘மன்மத லீலை’யில் ஒரு பாட்டு வந்தது, பாலசந்தர் படம், விசுவநாதன் இசை, ஜேசுதாஸும் எல்.ஆர். அஞ்சலியும் பாடியது. எனக்குப் பிடித்த பாட்டு. ஆனால் ராங் நம்பர் என்பதே அவள் போனபின் கொழுத்த சமாச்சாரம். அவள் இருந்தவரை தவறான இணைப்புக்கு ஒரு கை பொறுப்பாக இருந்தது. பிறகு அது விதி மாதிரி ஆகிவிட்டது, காதலுக்குத் தோதான விதி.

எஸ்.டி.டி. பூத் வந்ததும் மூன்றாம் ஆள் வேறு உருவில் திரும்பி வந்தார். பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் டவுன்ஹால் ரோட்டிலும் மஞ்சள் போர்டு இல்லாத சந்து கிடையாது என்று ஆனது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு சின்ன ஃபேன், அடுத்தவர் பேச்சின் வேர்வை வாசம், தலைக்கு நேரே ஓடும் சிவப்பு எண்கள். ராத்திரி ஏற ஏறக் கட்டணம் பாதியாகி, காலாகக் குறையும் என்பதால் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வடக்கே முறுக்குக் கம்பெனிக்குப் போன பிள்ளைகளின் தாய் தகப்பன்மார், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுக்கூட வரிசையில் நிற்பார்கள். கதவு முழுதாகச் சாத்தாது. பூத்துக்காரர், பல இடங்களில் மூன்று சக்கர வண்டியைக் கடைக்கு வெளியே நிறுத்தியிருக்கும் மாற்றுத்திறனாளி, எல்லாவற்றையும் கேட்பார். கேட்காத முகத்தோடு பில்லைக் கிழித்துக் கொடுப்பார். அழுதுவிட்டு வெளியே வருகிறவரிடம் சில்லறை இல்லை என்று தகராறு செய்யாமல் இருப்பதுதான் அந்தத் தொழிலின் நாகரிகம். அவரைப் பற்றியும் பாட்டு இல்லை. அதே காலத்தில், 1996இல், ‘இந்தியன்’ படத்தில் ஒரு பெண்ணின் சிரிப்புக்கு டெலிபோன் மணியை உவமை சொன்னார்கள். எழுதிய வைரமுத்து அன்றைய மதுரை மாவட்டத்து வடுகபட்டியில் வளர்ந்தவர். முந்தைய ஜூலையில்தான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போயிருந்தது; இரண்டு வெண்கலக் கிண்ணத்தை ஒரு சுத்தியல் மாறி மாறி அடிக்கும் அந்த மணியும் பொத்தான் போன்கள் வந்து வழக்கொழியத் தொடங்கியிருந்தது. உவமை பிறந்ததும் உவமானம் செத்ததும் ஏறக்குறைய ஒரே நேரம். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் தெருவில் ராத்திரி பத்து மணிக்குமேல் அந்த மணி அடித்தால் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். யார் என்று தெரியும்வரை ஒருவரும் பேச மாட்டார்கள். சாவு தந்தியில் வந்த காலத்துக்கு அடுத்த காலம் அது. செத்துப்போன தாயோடு பேச வேண்டும், சொர்க்கத்துக்கு இணைத்துக்கொடு என்று ஆபரேட்டரிடம் ஒரு குழந்தை கேட்கும் பாட்டு அமெரிக்காவில் 1901லேயே அச்சாகி விற்றிருக்கிறது. கண்ணீர் பிழியும் வியாபாரம்தான், ஆனால் அந்த மணிக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்றாவது அது அறிந்திருந்தது.

இப்போது மினி பஸ்ஸில் ஏறினால் டூயட் கேட்கிறது. பெரியவர்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, உதட்டுக்கு நேரே ரொட்டியைப்போல் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். மாமியார் மேலூரிலிருந்து சொல்வதும் மருமகன் மாட்டுத்தாவணியில் சொல்வதும் ஒரே கனத்தில், ஒரே தெளிவில் எல்லோருக்கும் விழுகின்றன. சினிமாப் பாட்டு அறுபது வருடம் முன்பு கற்பனை செய்த காது நிஜமாகவே வந்துவிட்டது, கண்டக்டர் உட்பட அத்தனை பேருக்கும். அதில் நிரப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. நிலத்தகராறு முழுக்கத் தெரிந்துவிடுகிறது, சுவாரசியம் இரண்டு ஸ்டாப்புக்குள் தீர்ந்துவிடுகிறது. நடுவில் காலர் டியூன் என்று ஒன்று வந்து போயிற்று. டெலிபோனுக்குள்ளேயே பாட்டைப் போட்டுவிட்ட காலம். வைத்திருப்பவருக்குக் கேட்காது, கூப்பிடுகிறவருக்கு மட்டும்தான் கேட்கும். அதிலும் நான் கேட்டது பெரும்பாலும் பக்திப் பாட்டும் இளையராஜாவும்தான். டெலிபோன் பாட்டை வைத்திருந்தவர் ஒருவரும் என் கண்ணில் படவில்லை.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பாட்டு. யாராவது அறுபதுகளில் போட்டிருக்கலாம். கிதாரும் பாங்கோவும் கையில் இருந்தன, தர்க்கப் பாட்டு மரபும் இருந்தது. மதுரை எக்ஸ்சேஞ்சில் ஒரு ஆபரேட்டர். பதிவுச் சீட்டுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன; ஒரு பக்கம் ஊமையாக விம்முகிற காதலன், இன்னொரு பக்கம் மிளகாய் விலை கேட்கும் மண்டிக்காரர், அர்ஜெண்ட் போட்டுவிட்டுப் பத்து தரம் ஞாபகப்படுத்தும் வக்கீல். அவள் மட்டும்தான் பாட வேண்டும். மற்றவர்களை அவள் பதிலிலிருந்து நாம் கண்டுபிடித்துக்கொள்ளலாம். சுசீலாவுக்குக் கொடுக்கக் கூடாது. பாவம் பார்த்து லைனை விட்டுவைத்துவிடுவார். எல்.ஆர். ஈஸ்வரிக்குத்தான் கொடுக்க வேண்டும். கொஞ்சலும் அதட்டலும் ஒரே மூச்சில் வருகிற அந்தக் குரல்தான் மூன்று நிமிஷம் ஆயிற்று, வேண்டுமா வேண்டாமா என்று மண்டிக்காரரிடமும் காதலனிடமும் ஒரே மாதிரி கேட்கும்.